ஆர்கான் எங்கே போய் நிற்கும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்த பட்டறையில் இப்போது தர மேற்பார்வை பார்க்கிறவர் சுகந்தி. போன மாதம் போனில் ஒரு பட்டியல் அனுப்பினார். பட்டறைச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். இடது பக்கம் உலோகம், நடுவில் தடிமன், வலது பக்கம் எந்த வெல்டிங் என்று மூன்று கட்டம். கூடவே ஒரு குரல் செய்தி: "ஜமால் சார், ஒரு தடவ பாத்துடுங்க. தப்பு இருந்தா திட்டுங்க, பரவால்ல."

திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் சரி. சரியாக இருந்ததுதான் எனக்குச் சிக்கல். அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் குறைகிறது. அதை நான் சொன்னால், எதனால் சொல்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்பார். அப்போது என்னோடு வேலை பார்த்த தயாளனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தயாளனுக்கு நடந்தது என்று பட்டறைக்குத் தெரிந்தது ஒன்று, எனக்குத் தெரிந்தது ஒன்று. பதினைந்து வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவி நசீமாவிடம்கூட.

ஆகவே பேனாவை எடுக்கும்போதே ஒரு முடிவு செய்தேன். எழுதி முடித்ததும் பருத்திப்பட்டில் இருக்கிற தயாளன் வீட்டுக்குப் போய், நேரில் சொல்லிவிட்டுத்தான் இதைச் சுகந்திக்கு அனுப்புவேன். அவன் இதைப் பிறர் வாயால் கேட்கக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே, போகாமல் தப்பிக்க என்ன சாக்கு என்று மனசு இன்னொரு பக்கம் தேடுகிறது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் பூந்தமல்லிக்காரன். ஐடிஐ முடித்து, குமணன்சாவடியில் ஒரு கிரில் கடையில் கண் எரிய எரிய ஆர்க் வெல்டிங் அடித்துப் பழகி, பிறகு எஸ்டேட்டுக்கு வந்தேன். பழகிய காலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கை சுட்டது, திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான்.

டிக் வெல்டிங் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆர்க்கில் கையில் பிடித்த கம்பியே எரிந்து உருகி ஒட்டும். புகை, பொறி, மேலே கசடு எல்லாம் உண்டு. டிக்கில் அப்படி இல்லை. வலது கையில் டார்ச், அதன் முனையில் உருகாத ஒரு டங்ஸ்டன் ஊசி. இடது கையில் தனியாக ஒரு கம்பி. ஊசிக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒரு நெல் அளவு இடைவெளி விட்டு, கை ஆடாமல் ஓட்ட வேண்டும். டார்ச்சிலிருந்து ஆர்கான் என்ற வாயு வந்து, உருகிய இடத்தில் காற்று படாமல் காக்கும். ஆர்கானுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. மெதுவாக விட்டால் சத்தமும் கேட்காது. காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளமான இடத்தில் போய்த் தங்கிவிடும். அங்கே மூச்சு விடுகிறவனுக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. நன்றாக மூச்சு விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே விழுந்துவிடுவான்.

எங்கள் போர்மேன் வேதாசலம் சார். ஒல்லி, எப்போதும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான்கூடப் போட்டிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதுதான் பயம். கத்துகிற ஆளாக இருந்தால் கத்தி முடித்ததும் விஷயம் முடிந்துவிடும். இவர் மெதுவாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சட்டைப் பையில் ஒரு காந்தமும் பழைய அரம் ஒன்றும் இருக்கும். எந்த வேலை வந்தாலும் முதலில் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். பிறகு ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு. பிறகு கேட்பார்.

"இது இன்னா மெட்டலு? இன்னா தடி? பின்பக்கத்த எவன் பாக்கப் போறான்?"

மூன்றுக்கும் பதில் சொல்லாமல் டார்ச்சைத் தொட முடியாது. முதல் இரண்டும் எவருக்கும் புரியும். மூன்றாவதுதான் அவருடையது. ஒட்டுக்கு முன்பக்கம் இருக்கிற மாதிரி பின்பக்கமும் உண்டு. இரும்புத் தூணில் பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? பால் ஓடுகிற எவர்சில்வர் குழாயில், பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் பால் பார்க்கும். பின்பக்கம் காற்றுப்பட்டுக் கருத்துப் பொரிந்துபோனால் அந்தச் சொரசொரப்பில் அழுக்கு உட்காரும், பிறகு அங்கேயே அரிக்கும். அதனால் எவர்சில்வருக்கு டிக் போடும்போது பின்பக்கமும் ஆர்கான் கொடுக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எனக்கு டிக் பைத்தியம். எதைக் கண்டாலும் டிக். புதிதாகச் சைக்கிள் ஓட்டக் கற்றவன் பக்கத்துக் கடைக்கும் சைக்கிளில் போவான் இல்லையா, அந்த மாதிரி. ஒருமுறை வானகரத்திலிருந்து ஒரு மோட்டார் பம்ப்பின் வார்ப்பிரும்பு உடம்பு விரிசலோடு வந்தது. சார் ஊரில் இல்லை. நான் அழகாக டிக் போட்டேன். வரிவரியாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. மேசையில் வைத்து டீ குடிக்கத் திரும்பினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல். சிறிது நேரத்தில் இன்னொரு 'டிங்'. வார்ப்பிரும்பு அவசரத்துக்கு அடங்காது. முன்னாலேயே சூடேற்றி, நிக்கல் கம்பியில் ஆர்க்கை இஞ்ச் இஞ்ச்சாக வைத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். மறுநாள் சார் வந்து பம்ப்பைப் பார்த்தார். விரிசலின் மேல் விரலை ஓட்டினார்.

"ஒட்டு சூப்பரா கீது. பம்ப்பு எங்க?" என்றார்.

அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு அடங்கினேன். கால்வனைஸ் பைப் வந்தால் டிக்கை நினைக்கவே மாட்டேன். துத்தநாகப் பூச்சு கொதித்து ஊசியைக் கெடுக்கும், புகை மூச்சில் ஏறிச் சாயங்காலம் குளிர்காய்ச்சல் வரும். தடித்த இரும்பென்றால் அடியில் முதல் ஓட்டம் மட்டும் டிக், மேலே நிரப்ப ஆர்க். வெளியில் காற்றடிக்கிற இடத்தில் எந்த உலோகமானாலும் டிக் கிடையாது, ஆர்கான் பறந்துவிடும். மெல்லிய எவர்சில்வர், செம்பு, அலுமினியம், இவைதான் டிக்கின் சொந்தக்காரர்கள். அலுமினியத்துக்கு மட்டும் மிஷினில் ஏசி கரண்ட் மாற்ற வேண்டும். மேலே படிந்திருக்கும் ஆக்சைடு படலத்தை ஏசிதான் உடைக்கும். மாற்ற மறந்து டிசியில் அடித்தால் உலோகம் கறுத்துக் கஞ்சி மாதிரி உருளும், ஒட்டாது. இதெல்லாம் சுகந்தியின் பட்டியலில் அப்படியே இருக்கிறது. படிக்கும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

தயாளன் என்னைவிட நாலு வயது இளையவன். பருத்திப்பட்டில் ஏரிப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலம் மனைகளானதும் இவன் எஸ்டேட்டுக்கு வந்தான். எங்கள் பட்டறையில் டிக்கில் அவன் கைதான் முதல் கை. இதை நான் ஒத்துக்கொள்ளப் பல வருடம் ஆனது. நிதானமானவன். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் சிலிண்டர் வால்வை மூடி, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வான். நான் கிண்டல் செய்வேன்.

"இன்னாடா, சிலிண்டருக்குத் தாலாட்டுப் பாடறியா?"

"தூங்கட்டும் பாய். தூங்கிடுச்சுன்னா நம்மளும் தூங்கலாம்" என்பான்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் வந்த அந்த டாங்க், மருந்துக் கம்பெனிக்குச் சிரப் கலக்குவதற்கானது. மூன்று மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு, பட்டறைப் பேச்சில் எஸ்எஸ், ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். மேலே ஆள் இறங்குகிற வாய் ஒன்று. அடியில் இரண்டு குழாய் வாய்கள் வைக்க வேண்டும். மறுநாள் காலையில் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வந்து கண்ணாடியும் டார்ச் லைட்டும் வைத்து உட்பக்கம் பார்ப்பார். வெள்ளி நிறத்தில் இருந்தால் டாங்க் போகும். கறுப்பு தெரிந்தால் திரும்பும்.

பெரிய டாங்குக்குச் சாருடைய வழக்கம், உள்ளே ஒட்டு வருகிற இடத்துக்குப் பின்னால் மட்டும் டேப் ஒட்டி, ஒரு சின்னக் கூடு மாதிரி செய்து, அதற்குள் ஆர்கான் விடுவது. ஆள் நுழையும் டாங்கை ஆர்கானால் நிரப்பக் கூடாது என்பது அவர் சட்டம். ஆனால் அடித்தட்டின் வளைவில் டேப் நிற்கவில்லை. மாதிரிக்கு ஒரு சின்ன ஒட்டுப் போட்டுப் பார்த்தோம். பின்பக்கம் கருத்துவிட்டது.

தயாளன் யோசித்துச் சொன்னான். "பாய், டிக்கே வேணாம். எஸ்எஸ் கம்பில ஆர்க் போட்டுடலாம். நான் உள்ள பூந்து நல்லா கிரைண்ட் பண்ணி பாலீஷ் போட்டுத் தர்றேன். டைம் ஆவும், அவ்ளோதான்."

அவன் சொன்னது சரியான யோசனை. மெட்டல் டிக்கைக் கேட்டது, தடிமன் டிக்கைக் கேட்டது, ஆனால் இடம் டிக் வேண்டாம் என்றது. அதைக் கேட்கிற காது எனக்கு அன்று இல்லை.

"மூணு எம்எம் எஸ்எஸ்ஸுக்கு ஆர்க்கா? எவனாவது சிரிப்பான். அடில மட்டும் காஸ் ரொப்பிக்கலாம், தண்ணி மாதிரி அப்டியே நிக்கும்" என்றேன். சாரிடம் போய் நான்தான் வாதாடினேன்.

அவர் டாங்கை ஒருமுறை சுற்றிவந்து அடித்தட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கினார். "வேல முடிஞ்சதும் வால்வ மூடணும். ப்ளோயர அடி வரைக்கும் உட்டு அரை மணி நேரம் ஓட்டணும். மெழுகுவத்திய கம்பில கட்டி எறக்கிப் பாக்கணும். ஒருத்தன் உள்ள போனா ஒருத்தன் வெளிய நிக்கணும். உள்ள கீறவன் ரெண்டு தட்டு, வெளிய கீறவன் ஒரு தட்டு, வுடாம." கடைசியாக, "வத்தி அணைஞ்சா போவாத. எரிஞ்சாலும் நம்பாத" என்றார்.

இப்போது ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறது, மெழுகுவத்தியை யாரும் நம்ப வேண்டாம். அன்று எங்களிடம் இருந்தது அதுதான்.

காலையில் ஒரு குழாய் வாயைத் தயாளனும் இன்னொன்றை நானும் போட்டோம். மதியத்துக்குள் முடிந்தது. தயாளன் வால்வை மூடினான். முள் இறங்கும்வரை நின்றான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ப்ளோயரை அரை மணி ஓட்டி உள்ளே புதுக் காற்றை அடித்தான். மெழுகுவத்தியை இறக்கினான், அடிவரை எரிந்தது. ப்ளோயரை நிறுத்தும்போது சாப்பாட்டு மணி அடித்தது.

"துன்ட்டு வந்து எறங்கறேன் பாய். நேத்து ஒட்டிப் பாத்த டேப்ப பிச்சுட்டு பிரஷ் அடிச்சுட்டா முடிஞ்சுது" என்று கை கழுவப் போனான்.

நான் சாப்பிடப் போகாமல் என் ஒட்டை ஒருமுறை பார்த்தேன். முடிகிற இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குழி. விட்டிருக்கலாம். தயாளன் வந்ததும் அவனிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். என் ஒட்டில் குழி இருக்கிறது என்று அவனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வால்வைத் திறந்தேன். அடியில் மறுபடி ஆர்கான் ஏறட்டும் என்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகு குழியின் மேல் ஒரு சொட்டு வைத்தேன். அழகாக மூடியது. சூடு ஆறும்வரை பின்பக்கம் கருக்காமல் இருக்க, இன்னும் இரண்டு நிமிடம் ஆர்கான் ஓடட்டும் என்று விட்டேன். அதுவும் முறைதான்.

அந்த இரண்டு நிமிடத்தில் வாட்ச்மேன் கூப்பிட்டான். மறுநாள் வரவேண்டிய இன்ஸ்பெக்டர் அன்றைக்கே வந்து கேட்டில் நிற்கிறார். சார் என்னையும் வரச் சொன்னார். போனேன்.

இன்ஸ்பெக்டரிடம் தகட்டோடு வந்த சான்றிதழ்களைக் காட்டிக்கொண்டு பட்டறையின் மறுகோடியில் நாங்கள் நின்றோம். தயாளன் டாங்கின் வாயில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி என்னைப் பார்த்துக் கத்தினான்.

"பாய், உள்ள போறேன். வரியா?"

"போ. வந்துகினே கீறேன்" என்றேன்.

இந்தப் பதிலைத்தான் பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குளிக்கும்போது கேட்கிறது. தொழுகையில் நிற்கும்போது கேட்கிறது. அவன் கேட்டான், நான் போகச் சொன்னேன்.

டாங்கிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. திருப்பித் தட்ட நான் அங்கே இல்லை. இன்ஸ்பெக்டர் தாளைப் புரட்டிவிட்டு, "உள்ளே என்ன கேஸ் கொடுத்தீங்க?" என்று கேட்டார். "ஆர்கான் சார்" என்று வாய் சொன்னது. சொன்ன பிறகுதான் மண்டைக்கு ஏறியது. வால்வு திறந்திருக்கிறது. இரண்டாவது முறை தட்டும் சத்தம் கேட்கவே இல்லை.

ஓடினேன். வழியில் எதில் முட்டினேன் என்று தெரியாது, முட்டியில் ரத்தம் வந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். முதலில் கை வால்வுக்குப் போனது. மூடினேன். மேலே ஏறி உள்ளே பார்த்தேன். தயாளன் அடியில் ஒருக்களித்துக் கிடந்தான். பிரஷ் கையிலேயே இருந்தது. தூங்குகிற மாதிரி முகம். "தயாளா" என்று கத்தினேன். அசையவில்லை. காலைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

சட்டையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். வேதாசலம் சார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. என்னைத் தரையில் தள்ளிவிட்டார்.

"எவனும் உள்ள எறங்கக் கூடாது. எறங்கினா ரெண்டு பொணம்." அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "டாங்க சாய்ங்க. வாய் கீழ வரணும். எல்லாரும் வாங்க."

எட்டுப் பேரா, பத்துப் பேரா, தெரியாது. இன்ஸ்பெக்டரும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோள் கொடுத்தார். ஆர்கான் கனமானது, வாய் தாழ்ந்தால் அதுவாகவே வழிந்துவிடும் என்று அந்த நேரத்தில் யோசிக்க முடிந்தவர் அவர் ஒருவர்தான். டாங்க் தரையில் விழுந்த அதிர்ச்சியில் உள்ளே தயாளன் உருண்டு மோதிய சத்தம் கேட்டது. கம்ப்ரசர் ஹோஸை உள்ளே விட்டுக் காற்றடித்தார்கள். கொக்கியைச் சட்டையில் மாட்டி வெளியே இழுத்தார்கள். உதடு நீலம். சார் முழங்காலிட்டு அவன் நெஞ்சை அழுத்தினார். எண்ணிக்கொண்டே அழுத்தினார். நான் பக்கத்தில் நின்று, யா அல்லா, யா அல்லா என்று சொன்னதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

எத்தனையாவது எண்ணில் என்று தெரியவில்லை, தயாளன் இருமினான். கம்பெனி டெம்போவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தோளெலும்பு உடைந்திருந்தது. உயிர் இருந்தது.

டெம்போ போன பிறகு சார் சிலிண்டர் அருகில் போய் நின்றார்.

"வால்வு தொறந்தா இருந்துச்சு?"

"ஆமா சார். நான்தான் ஓடியாந்து மூடினேன்."

"எப்டித் தொறந்துச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். எனக்கு அப்போது மூன்று பெண் பிள்ளைகள். அதைச் சாக்காகச் சொல்லவில்லை, அப்போது அதுவும் நினைவுக்கு வரவில்லை. பயம் மட்டும்தான் வந்தது.

"தயாளன் மூட மறந்துட்டான் போல சார்" என்றேன்.

சார் குனிந்து என் ஒட்டைப் பார்த்தார். கடைசியில் வைத்த அந்தச் சொட்டின் மேல் கட்டைவிரலை வைத்தார். அதில் இன்னும் லேசான சூடு இருந்திருக்கும். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஓய்வு பெற்றுப் போகும்வரை ஆர்கான் நிரப்புகிற வேலையை என்னிடம் தனியாகக் கொடுக்கவே இல்லை. காரணம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருடம் அவர் காலமானார். அடக்கத்துக்குப் போய் மாலை போட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

விபத்து நடந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி பெஞ்சில் தயாளன் மனைவி மல்லிகாவோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு அந்த நாள் முழுவதும் நினைவிலிருந்து போய்விட்டது. காலையில் டிபன் சாப்பிட்டது வரைதான் ஞாபகம், பிறகு ஆஸ்பத்திரி. மற்றதெல்லாம் பிறர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். வலது கையில் நடுக்கம் தங்கிவிட்டது. நடுங்குகிற கையால் டார்ச் பிடிக்க முடியாது. ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னால உன் பேரும் சேந்து கெட்டுப்போச்சு பாய், மன்னிச்சுக்கோ" என்பான். ஒவ்வொரு முறையும் "வுடுடா" என்பேன். பெரிய மனதுக்காரன் மாதிரி.

இதுவரை எழுதி இரண்டு வாரம் வைத்திருந்தேன். முட்டி வலி, மழை, பேத்திக்குப் பரீட்சை, எல்லாச் சாக்கும் வந்தது. நேற்றுக் காலையில் சுகந்தி மறுபடி கேட்டார். "சார், பட்டியல் பிரின்ட்டுக்குப் போகுது, ஏதாவது சேக்கணுமா?" நாலாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னேன்: ஆர்கான் எங்கே போய் நிற்கும், அங்கே யார் போவார்கள். விவரம் எழுத்தில் வரும் என்றேன். பஸ் ஏறிப் பருத்திப்பட்டுக்குப் போனேன்.

தயாளன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முகம் மலர்ந்துவிட்டது. "இன்னா பாய், காத்து இந்தப் பக்கம் அடிக்குது? குந்து குந்து." உள்ளே பார்த்து, "மல்லி, பாய் வந்துகீறாரு, டீ வை" என்றான். மல்லிகா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

நான் சும்மா, "ஏன், நீ போட மாட்டியா டீ?" என்றேன். பேச்சைத் தொடங்க வேண்டுமே.

"நானா? அடுப்பாண்ட இவ என்ன உடுவாளா?" என்று சிரித்தான். "நானே போறதில்ல பாய். வால்வ மூட மறக்கிறவன் கைல காஸ் அடுப்பக் குடுக்கலாமா? பேரப் பசங்க இருக்கிற ஊடு. ஊட்டப் பூட்டினா, தண்ணி மோட்டாரு போட்டா, எல்லாம் இவ ஒருவாட்டி வந்து பாக்கணும். அந்த நாள்லருந்து எனக்கு எம்மேலயே நம்பிக்க இல்ல."

இது எனக்குத் தெரியாது. அவன் கையைத்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் இனி வர மாட்டேன் என்றும் தெரிந்தது.

சொன்னேன். குழியைச் சொன்னேன், சாப்பாட்டுப் பெட்டியைச் சொன்னேன், இரண்டு நிமிடத்தைச் சொன்னேன். சாரிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

தயாளன் என் பக்கம் சாய்ந்தான். கை நாற்காலியின் பிடியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப நான் மறக்கலியா?"

"இல்ல."

"மூடினனா?"

"மூடின. முள்ளு எறங்கறவரைக்கும் நின்ன. நான் கண்ணால பாத்தேன்."

"நெஜமாவா?"

"அல்லா மேல ஆணையா."

அவன் என்னைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. உள்ளே பார்த்து, "மல்லி" என்று கூப்பிட்டான். மல்லிகா டீ டம்ளரோடு வந்து நின்றாள்.

"பாய், இவகிட்டயும் சொல்லு. நான் மறக்கலன்னு சொல்லு."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மல்லிகா டம்ளரைப் பிடித்தபடியே கேட்டாள். முடிந்ததும் டம்ளரை என்னிடம் தரவில்லை, பக்கத்தில் ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல என்னவிட நீங்கதான ஜாஸ்தி அழுதீங்க" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.